இழந்த பல்லுக்கும் வழியுண்டு

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பது எமது முன்னோர் வாக்கு. நொறுக்குவதற்குப் பல் வேண்டுமே! 1995இல் வலிகாமத்திலிருந்தும் 1996இல் கிளிநொச்சியிலிருந்தும் 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்தும் உயிரைக் கையில் பிடித்தபடி நடந்த மக்களுக்குப் பல்வலி பெரிய காரியமல்ல. வலித்தால் பிடுங்குவது, அதோடு சரி. மீளக்குடியேறி வயல் செய்யும் இன்றும் எம்மில் பலரை அந்தப் பழக்கம் விடவில்லை.

பிடுங்கினால் வலி போகும். ஆனால் அதோடு முடிவதில்லை. பக்கத்துப் பற்கள் இடைவெளிக்குள் சாயும். எதிர்ப்பல் நீண்டு வரும். தாடையெலும்பு தேயும். பல பற்களை இழந்தவர்கள் பயறு, மரக்கறி, இறைச்சியை ஒதுக்கிக் கஞ்சியோடு நின்றுவிடுகிறார்கள். மண்வெட்டி பிடிக்கும் உடலுக்கு அது போதுமா?

பல்லைக் காப்பதற்கும், இழந்ததற்கு ஈடுசெய்வதற்கும் விசேட வைத்திய நிபுணர்கள் உள்ளனர். பல் வைத்தியராகப் பட்டம் பெற்றபின், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மேலும் பல ஆண்டுகள் பயின்றவர்கள் இவர்கள்.

சூத்தை ஆழமாக இறங்கிய பல்லில், கெட்டுப்போன நரம்பை அகற்றி, வேரைச் சுத்தஞ்செய்து அடைப்பார்கள். பலவீனமான பல்லுக்கு உறை போடுவார்கள். ஒன்றிரண்டு பற்கள் இல்லாதபோது இருபுறப் பற்களில் தாங்கிப் பாலம்போல் பொருத்துவார்கள். பல பற்கள் இல்லாதபோது கழற்றி மாட்டும் கட்டுப்பல் செய்வார்கள். ஷெல் காயத்தாலோ புற்றுநோயாலோ மேலண்ணத்தை இழந்தவரின் உணவு மூக்கால் வரும், பேச்சும் தெளியாது. அந்தத் துவாரத்தை மூடும் தகட்டைச் செய்து, அவரை மீண்டும் பேசவும் உண்ணவும் வைப்பவர்களும் இவர்களே.

கட்டுப்பல் போட்டவர்கள் இரவில் அதைக் கழற்றித் துலக்கி, தண்ணீரில் இட்டு வையுங்கள். சுடுநீர் வேண்டாம், வளைந்துவிடும். காலப்போக்கில் தளர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களே அராவ வேண்டாம்.

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. பாக்கு புற்றுநோயை உண்டாக்குமென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் அறிவித்தது. வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கி வைப்போம். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைத் தாமதியாமல் காட்டுவோம்.

குறைந்த செலவென்று, பதிவு பெறாதவர்களிடம் பல் கட்டி ஏமாற வேண்டாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் முதலில் செல்லுங்கள். தேவையெனில் அவரே நிபுணரிடம் கடிதம் தந்து அனுப்புவார். கதிரையில் அமர்ந்ததும், “பிடுங்குங்கோ” என்று சொல்லாமல், “இதைக் காப்பாற்றலாமா, ஐயா?” என்று கேட்டுப் பாருங்கள்.