சொல்லிழந்த பாட்டு

1861ஆம் ஆண்டில், ஊரூராய்ச் சரக்குச் சுமந்து விற்கும் சிறுவணிகரைப் பற்றி ருஷ்யக் கவிஞர் நெக்ராசோவ் நெடுங்கவிதையொன்று புனைந்தார். அதன் ஒரு பகுதி இசையேறி நாட்டுப் பாடலாயிற்று. வணிக இளைஞனும் கன்னியொருத்தியும் வயலிலே சந்தித்துப் பேரம் பேசுகின்றனர். பேரத்தினூடே காதலும் நிகழ்கின்றது.

1989இல் அந்த மெட்டு எதிர்பாராத இடமொன்றிற் குடிபுகுந்தது. மொஸ்கோவிலே அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டை, யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 'கேம் போய்' என்னுங் கையடக்கக் கருவிக்கென வெளியிட்டது. அதற்கு ஹிரோகாசு தனகா அமைத்த இசையுள் இம்மெட்டும் ஒன்று. அக்கருவி ஒரே சமயத்தில் எழுப்பவல்ல ஒலிகள் நான்கே. அவற்றுள்ளும் ஒன்று வெறும் இரைச்சல். ஆகவே பாடகர் இல்லை, சொல்லும் இல்லை. மெட்டு மாத்திரமே எஞ்சியது. கட்டைகள் விழுந்துகொண்டிருக்க, அது முடிந்து முடிந்து மீண்டுந் தொடங்கும். கையும் கண்ணும் ஓயாது உழைக்கையில், செவி தானாகவே அதனை மனனஞ் செய்துவிடும். பள்ளிப் பாடங்கள் அவ்வளவு எளிதில் மனத்திற் பதிந்தனவா என்பது வேறு விடயம்.

அன்றைய சிறுவர் இன்று நடுவயதினர். அவர்களுக்கு அம்மெட்டு வயலை நினைவூட்டுவதில்லை. நெடும்பயணத்தின் பின்னிருக்கையும், தீர்ந்துபோகும் மின்கலமும், இன்னும் ஓராட்டமெனத் தாயிடங் கெஞ்சிய மாலையுமே மனக்கண்ணில் தோன்றும். ருஷ்யக் குடும்பமொன்றிலே பாட்டியும் பேரனும் அதனை ஒருங்கே கேட்பாராயின், பாட்டியின் வாய் சொற்களை முணுமுணுக்கும். பேரனின் விரல்களோ இல்லாத கட்டையைத் திருப்பும்.