தாயின் இறைப்பற்று

மாக்சிம் கார்க்கி 1906-ஆம் ஆண்டில் எழுதிய ‘தாய்’ என்னும் உருசியப் புதினத்தின் தலைவி பெலகேயா நீலவ்னா. வறுமையிலும், ஆலைத் தொழிலாளியான கணவனின் கொடுமையிலும் அவளுக்கு ஆறுதல் அளித்தது இறைவழிபாடு ஒன்றே. கணவன் மாண்டபின், மகன் பாவெல் தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் இளைஞரோடு சேர்ந்தான். அவர்கள் சமயத்தைக் குறைகூறக் கேட்டு அவள் வருந்தினாள். கடவுளையும் இழந்தால் துயரில் தனக்குப் பற்றுக்கோடு ஏது என்று முறையிட்டாள். தான் மறுப்பது அச்சுறுத்தும் கடவுளையே. அருளுடைய இறைவனை அன்று என மகன் விடையிறுத்தான். அவன் சிறைப்பட்டதும் தாயே அவன் பணியை மேற்கொண்டாள். வழிபடும் நேரம் குறைந்தது. ஏழைகளுக்கு இரங்கிய கிறித்துவைப் பற்றிய சிந்தனையோ பெருகியது. இறுதியில், மகனின் நீதிமன்ற உரையை அச்சிட்ட தாள்களை மக்களுக்கு வழங்குகையில் காவலரிடம் அகப்பட்டாள். அவளுடைய பற்று அழியவில்லை, தொண்டாக மலர்ந்தது.