வளைவில் இருமுறை எண்ணப்படும் மண்

சாலை ஒன்றை அமைக்குமுன் அதன் உருவத்தைக் கணிப்பொறியில் சமைத்துப் பார்ப்பது இன்றைய வழக்கம். முதலில் ஒரு நடுக்கோடு வரையப்படும். அதற்குச் செங்குத்தாக, குறித்த இடைவெளிகளில் குறுக்குவெட்டுகள் நிறுத்தப்படும். பாதை, நடைபாதை, வடிகால், மண்சரிவு ஆகிய யாவும் அவ்வெட்டுகளில் அடங்கும். அவற்றின் ஒத்த புள்ளிகளை இணைத்தால் சாலையின் முழு வடிவமும் கிடைக்கும்.

நேரான சாலையில் இம்முறைக்குக் குறையொன்றுமில்லை. வளைவிலோ ஒரு சிக்கல் தோன்றுகிறது. வட்டத்தின் செங்குத்துக் கோடுகள் அனைத்தும் மையத்தில் கூடுவன. ஆகவே வெட்டின் உட்புற நீளம் வளைவின் ஆரத்தை விஞ்சினால், அடுத்தடுத்த வெட்டுகள் ஒன்றையொன்று கடந்து மறுபுறம் சென்றுவிடும். முன்செல்ல வேண்டிய விளிம்புக்கோடு பின்னோக்கித் திரும்பி முடிச்சிட்டுக்கொள்ளும். கழுத்தில் அணியும் பட்டாம்பூச்சி முடிச்சை ஒத்திருப்பதால் எஞ்சினீயர்கள் இதனை ‘போ டை’ என்பர்.

பெங்களூர் விவேக் நகரில் ஒரு தெரு செங்கோணத்தில் திரும்புவதாகக் கொள்வோம். நடுக்கோட்டின் ஆரம் 6 மீட்டர். அக்கோட்டின் உட்புறம் பாதை 3.5 மீட்டர், வடிகாலும் நடைபாதையும் 3 மீட்டர், ஆக 6.5 மீட்டர். ஆரத்தை அரை மீட்டர் விஞ்சியதால், அம்முனையில் நடைபாதையின் விளிம்பு எங்குள்ளதென மாதிரி காட்ட இயலாது. வியாழக்கிழமைதோறும் அங்குள்ள குழந்தை இயேசு ஆலயத்திற்குத் திரளாக நடந்து வருவோர்க்கு அந்த அரை மீட்டர் அற்பமன்று.

மலைச்சாலையில் இப்பிழை இன்னும் பெரிதாகும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய வளைவின் உள்விளிம்பு ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருத்தல் வேண்டும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவு. அந்த ஆரத்தில் உட்புறச் சரிவு 14 மீட்டருக்கு மேல் நீண்டால் வெட்டுகள் மோதும்.

மோதாவிடினும் மண்ணின் கணக்குப் பிழைபடலாம். வெட்டின் பரப்பை நடுக்கோட்டின் நீளத்தாலன்று, அப்பரப்பின் மையம் செல்லும் தூரத்தால் பெருக்க வேண்டும் என்பது 4ஆம் நூற்றாண்டின் அறிஞர் பாப்பஸ் பெயரால் வழங்கும் தேற்றம். ஆரம் 20 மீட்டராக உள்ள அரைவட்ட வளைவில், 12 சதுர மீட்டர் வெட்டின் மையம் 5 மீட்டர் உட்புறம் இருப்பின், நடுக்கோட்டின்படி 754 கன மீட்டர் வரும். உண்மை அளவு 565 கன மீட்டரே. எஞ்சிய 189 கன மீட்டர், தோண்டாத மண்ணுக்குப் பொதுப்பணத்தில் கொடுக்கும் கூலியாகும்.

இனி, பரிகாரம். வெட்டுகளை நெருக்கமாக நிறுத்துவதால் பிழை தீராது. மோதும் கோடுகளே பெருகும். விளிம்புக்கோடு தன்னைத் தானே வெட்டும் புள்ளியைக் கண்டு, அப்பாலுள்ள முடிச்சை நீக்கி, வெட்டுகளை அங்கேயே முடித்தல் வேண்டும். ‘சிவில் த்ரீ டி’ போன்ற செயலிகளில் இதற்கெனக் கட்டளை உண்டு. சந்திப்புகளில் இரு சாலைகளின் மாதிரிகளையும் முனைவளைவு தொடங்குமிடத்தில் நிறுத்தி, முனைக்கு அதன் விளிம்புக்கல் வழியே தனிக்கோடு வகுத்தல் நன்று. பாதைப் பக்கத்து வெட்டுகள் அப்போது விரிந்து செல்லும். மேற்பரப்பை எல்லையிட்டு மறைப்பது மட்டும் போதாது. வெட்டுகளின் கணக்கில் பிழை அப்படியே நிற்கும்.

ஆசிரியர்கள் தாளில் ஓர் அரைவட்டம் வரைந்து, ஆரத்தினும் நீண்ட குச்சிகளை மையம் நோக்கி அடுக்கச் செய்தால் மாணவர்க்கு இது தெளிவாகும். களப்பணியாளர்க்கு ஒரு சோதனை போதும்: வளைவின் உட்புறத்தில் ஒரே இடம் இரு வேறு செயினேஜ்களில் குறிக்கப்பட்டிருந்தால், முளை அடிக்குமுன் மாதிரியைத் திருத்தக் கோருக.