மணிலா புனித அகுஸ்தீனார் தேவாலயம்: வரலாறும் கட்டடக் கலையும்

முன்னுரை

பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகராகிய மணிலாவில், பாசிக் ஆற்றின் தென்கரையில், மதில் சூழ்ந்த பழைய நகரம் ஒன்று உள்ளது. இந்திராமுரோஸ் என்னும் அதன் பெயருக்கு 'மதில்களுக்கு உள்ளே' என்பது பொருள். 1571ஆம் ஆண்டு தொடங்கி 1898ஆம் ஆண்டு வரை இசுபானியர் தம் கீழைத்தேய ஆட்சியை இம்மதில்களுக்குள் இருந்தே நடத்தினர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இவ்வட்டாரத்தில் ஏழு பெரிய தேவாலயங்கள் இருந்தன. 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிறந்தபோது அவற்றுள் ஒன்றே நின்றது. அந்த ஒன்றாகிய புனித அகுஸ்தீனார் தேவாலயத்தின் வரலாற்றையும் அமைப்பையும் இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

இதனை 'இசுபானியத் தேவாலயம்' என்று சுட்டுவதே பொதுவழக்கு. அவ்வழக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்னும் வினாவும் இடையிடையே எழும். கட்டளையிட்டவரின் பெயரால் ஒரு கட்டடத்தை அழைப்பது எளிது. கல்லைச் சுமந்தவரையும் செதுக்கியவரையும் தேடிக் காண்பது அத்துணை எளிதன்று.

மூங்கிலும் மரமும்

அகுஸ்தீன் சபைத் துறவிகளே பிலிப்பைன்ஸ் தீவுகளில் முதன்முதல் நிலைகொண்ட கத்தோலிக்கச் சமயப் பணியாளர் ஆவர். 1565ஆம் ஆண்டு மிகேல் லோபெஸ் தெ லெகாஸ்பியின் கப்பல்களில் அவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்தனர். 1571 ஜூன் 24இல் லெகாஸ்பி மணிலா நகரை நிறுவியதும் அவர்கள் அங்கே எழுப்பிய முதற்கோயில் மூங்கிலாலும் நீப்பா ஓலையாலும் ஆனது. (நம் நாட்டார் அத்தாப்புக் கூரை வேய்ந்ததும் இதே நீப்பா ஓலையைக் கொண்டுதான்.) லெகாஸ்பி 1572இல் இறந்தார், அவருடைய கல்லறை இன்றும் இத்தேவாலயத்தினுள் இருக்கிறது.

1574ஆம் ஆண்டின் இறுதியில் லிமஹோங் என்னும் சீனக் கடற்கொள்ளைத் தலைவன் மணிலாவைத் தாக்கியபோது ஓலைக்கோயில் எரிந்தது. அதே இடத்தில் மரத்தால் எழுப்பப்பட்ட இரண்டாம் கோயிலின் முடிவு விந்தையானது. 1583ஆம் ஆண்டு ஆளுநர் கொன்சாலோ ரொன்கில்யோ தெ பெனியலோசா மறைந்தபொழுது அவருடைய உடல் இக்கோயிலில் வைக்கப்பட்டது. சவப்பேழையைச் சுற்றி ஏற்றிய மெழுகுவர்த்திகளில் ஒன்றின் சுடர் துணியைப் பற்றியது. கோயில் எரிந்து, நகரின் பெரும்பகுதியும் சாம்பலாயிற்று. ஓர் ஆளுநரின் இறுதிச் சடங்கே அவர் ஆண்ட நகரை அழித்தது எனலாம். இதன் பின்னரே, இனி மணிலாவில் கல்லால் மட்டுமே கட்ட வேண்டும் என்னும் ஆணை பிறந்தது.

கல்லும் கைகளும்

கல்லால் கட்டுக என ஆணையிடுவது எளிது. கல்லுடைக்கத் தெரிந்தவர், சுண்ணாம்பு சுடத் தெரிந்தவர், வளைவு கட்டத் தெரிந்தவர் ஆகியோர் அன்றைய மணிலாவில் அரியர். இந்நிலையில் 1587ஆம் ஆண்டு தொடங்கிய மூன்றாம் கோயிலின் பணி இருபது ஆண்டுகள் நீண்டது. மெய்காவாயான், பினாங்கோனான், சான் மத்தேயோ ஆகிய இடங்களில் வெட்டப்பட்ட கல் இங்குக் கொண்டுவரப்பட்டது. அடோபே என அங்கே வழங்கும் அக்கல் எரிமலைச் சாம்பல் இறுகி உருவானது, செதுக்குவதற்கு மென்மையானது, ஆனால் கருங்கல்லின் உறுதி அதற்கு இல்லை. 1604இல் துறவிமடம் பயன்பாட்டுக்கு வந்தது. 1607 ஜனவரி 19இல் கோயில் நிறைவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. கட்டியவர் என்று அகுஸ்தீன் சபையார் ஏற்றுக்கொண்டிருப்பது ஹுவான் மாசியாஸ் என்பவரின் பெயரை. அவர் பணி முடியுமுன்னரே இறந்துவிட்டார்.

ஏனைய கைகளுக்கு உரியவர் யாவர்? இசுபானிய ஆட்சியில் 16 முதல் 60 வயது வரையுள்ள உள்நாட்டு ஆடவர் ஆண்டுக்கு 40 நாள் அரசுக்குக் கட்டாய வேலை செய்ய வேண்டும் என்னும் முறை இருந்தது. 'போலோ' எனப்பட்ட அம்முறையின்கீழ்க் காடுகளில் மரம் வெட்டவும் கப்பல் கட்டவும் சாலையும் கோயிலும் எழுப்பவும் மக்கள் திரட்டப்பட்டனர். மற்றொரு சாரார் சீனர். சாங்லே என்று இசுபானியர் அழைத்த இவர்கள் மதிலுக்கு வெளியே பரியான் என்னும் குடியிருப்பில் வாழ்ந்தனர். கொத்தர், தச்சர், ஓவியர், தந்தச் சிற்பிகள் எனப் பலவகைக் கைவினைஞர் அங்கு இருந்தனர். மணிலாவின் முதல் ஆயராகிய தொமிங்கோ தெ சலாசார் 1590ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில் இவர்களுடைய திறமையை வியந்து பாராட்டியுள்ளார்.

இங்கு ஒன்றை நாம் கடந்துபோக இயலாது. 1603ஆம் ஆண்டு அக்டோபரில், அதாவது இக்கோயிலின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, சீனர் கிளர்ந்தெழுந்தனர். இசுபானியரும் அவர்களோடு சேர்ந்த உள்நாட்டுப் படையினரும் அக்கிளர்ச்சியை அடக்கியபோது கொல்லப்பட்ட சீனர் பல்லாயிரவர். நகரத்தைக் கட்டிய சமூகத்தையே நகரம் கொன்றது. பின்னர், அவர்கள் இன்றி நகர வாழ்க்கை நடவாது என உணர்ந்து சீனர் மீண்டும் வர இடமளித்தது. இன்று கோயில் முற்றத்தில் அமர்ந்திருக்கும் சீனப் பாணிக் கருங்கற் சிங்கங்களைக் காண்போர் அவற்றை அழகுப் பொருளாக மட்டும் காண்கின்றனர். அவற்றின் பின்னே இவ்வரலாறு இருக்கிறது என்பதே நம் கருத்து.

அமைப்பு

முகப்பு எளிமையானது. அழகும் நளினமும் அற்றது என்று அதனைக் குறை கூறியோரும் உளர். இரு தளங்களிலும் இரட்டை இரட்டையாக நிற்கும் தூண்கள், அவற்றின் மேலே முக்கோண முகடு, அதன் நடுவே வட்டச் சாளரம் என்ற அளவில் அது அமைகிறது. மெக்சிகோவில் அகுஸ்தீன் சபையார் கட்டிய கோயில்களின் சாயல் இதில் தெரிகிறது. மணிலாவை அன்று நேரடியாக நிருவகித்தது மெக்சிகோவே ஆதலின் இது வியப்பன்று. ஐரோப்பியக் கலை இத்தீவுகளுக்குப் பசிபிக் பெருங்கடலைக் கடந்தே வந்தது. வரும் வழியில் மெக்சிகோவில் அது ஒருமுறை மாறிவிட்டது. முகப்பின் எளிமைக்கு ஈடுசெய்வதுபோல வாயிற்கதவுகளில் மட்டும் நுண்ணிய மரச்செதுக்கு வேலை நிறைந்துள்ளது.

முகப்பை நோக்குவோர் கண்ணில் உடனே படுவது அதன் சமச்சீரின்மை. வலப்புறம் ஒரு மணிக்கோபுரம் இருக்கிறது, இடப்புறம் இல்லை. இரண்டு கோபுரங்கள் இருந்தன. 1863, 1880 ஆகிய ஆண்டுகளின் நிலநடுக்கங்களில் இடக்கோபுரம் பழுதுபட்டுப் பிளந்தமையால் இடித்து அகற்றப்பட்டது. அதில் தொங்கிய, மூன்று டன்னுக்கும் மேற்பட்ட மணி இப்பொழுது துறவிமட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இக்கட்டடத்தின் உண்மையான சிறப்பு உள்ளே உள்ளது. இலத்தீன் சிலுவை வடிவத்தில் அமைந்த இதன் நடுக்கூடத்தை ஓர் அரைவட்ட வளைகூரை மூடுகிறது. அவ்வளைகூரை கல்லால் ஆனது. பிலிப்பைன்ஸின் பழைய தேவாலயங்கள் பெரும்பாலும் கற்சுவரும் மரக்கூரையும் கொண்டவை. நிலம் நடுங்கும் நாட்டில் தலைக்கு மேல் கல்லை ஏற்றுவது துணிச்சலான செயல். வளைகூரையின் எடை நேரே கீழிறங்குவதோடு பக்கங்களுக்கும் உந்தும்; அவ்வுந்துதலைத் தாங்க ஏதேனும் ஒன்று வேண்டும். இங்கே நடுக்கூடத்தின் இருமருங்கிலும் சிற்றாலயங்கள் வரிசையாக உள்ளன. ஒரு சிற்றாலயத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கும் தடித்த குறுக்குச் சுவர்களே அணைசுவர்களாக நின்று அவ்வுந்துதலை ஏற்கின்றன. வழிபாட்டுக்கென அமைந்த சிற்றாலயங்களே கட்டடத்தைத் தாங்கும் முட்டுகளாகவும் பயன்படுவது இதன் பொறியியல் நுட்பம்.

இதே சிக்கலுக்குப் பிற ஊரார் கண்ட விடை வேறு. இலோகோஸ் நோர்த்தே மாநிலத்துப் பாவோய் ஊரில் 1694இல் தொடங்கி 1710இல் முடிந்த தேவாலயத்தில் அணைசுவர்கள் வெளிப்புறத்தில் உள்ளன. பவளக்கல்லாலும் செங்கல்லாலும் ஆன 24 பெரிய அணைசுவர்கள் படிப்படியாகச் சரிந்து மண்ணில் கால் ஊன்றுகின்றன. மணிக்கோபுரமோ கோயிலிலிருந்து விலகித் தனியே நிற்கிறது. கோபுரம் சாய்ந்தாலும் கோயில் பிழைக்கும் என்பது கருத்து. கட்டடக்கலை அறிஞர் இப்பாணியை 'நிலநடுக்கப் பரோக்' என வழங்குகின்றனர். அகுஸ்தீனார் கோயிலையும் பாவோய், சாந்தா மரியா, மியாகாவ் ஊர்களின் தேவாலயங்களையும் சேர்த்து 1993ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இணைத்தது. மியாகாவ் கோயிலின் முகப்பில் புனித கிறிஸ்தோபர் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்தபடி தென்னை மரத்தைப் பற்றி நிற்கிறார். அருகே பப்பாளியும் கொய்யாவும் காய்த்திருக்கின்றன. செதுக்கியவர் எந்த ஊரார் என்பதைக் கேட்டறிய வேண்டியதில்லை.

மணிலாக் கோயிலினுள்ளும் அத்தகைய அடையாளங்கள் உண்டு. பிரசங்க மேடையில் அன்னாசிப் பழ வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பாடகர் மேடையில் உள்ள 17ஆம் நூற்றாண்டின் இருக்கைகள் மோலவே என்னும் உள்நாட்டு வன்மரத்தால் ஆனவை. ஆயினும் உள்ளே நுழைவோரின் கண் முதலில் செல்வது மேற்கூரைக்கே. வளைகூரை முழுவதும் பூவேலைப்பாடுடைய கட்டங்கள் புடைத்து நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் அங்குப் புடைப்பு எதுவும் இல்லை. அனைத்தும் தட்டையான பரப்பில் ஒளியும் நிழலுமாகத் தீட்டிய ஓவியம். 1875இல் சேசரே அல்பெரோனி, ஜொவானி திபெல்லா என்னும் இத்தாலியர் இருவர் தீட்டியது. பாரிசிலிருந்து வந்த கண்ணாடிச் சரவிளக்குகள் அதன்கீழ் தொங்குகின்றன. ஆக, நாம் இன்று வியக்கும் உட்புற அழகின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டினது. 1607இல் இருந்த கோயில் இதனினும் எளிமையாக இருந்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து வந்த கப்பல்கள்

தமிழ் வாசகர் அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சி இக்கோயிலின் வரலாற்றில் உண்டு. ஏழாண்டுப் போரில் இசுபெயின் பிரான்சின் பக்கம் சேர்ந்ததும், மணிலாவைக் கைப்பற்ற ஆங்கிலேயர் ஒரு படையெடுப்பைத் திட்டமிட்டனர். அப்படை 1762ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டது. வில்லியம் டிரேப்பர் தரைப்படைக்கும் சாமுவேல் கார்னிஷ் கடற்படைக்கும் தலைமை ஏற்றனர். ஆங்கிலச் சிப்பாய்களோடு கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய இந்தியச் சிப்பாய்களும் அக்கப்பல்களில் இருந்தனர். அக்டோபர் 6ஆம் நாள் மணிலா வீழ்ந்தது. தொடர்ந்த கொள்ளையில் அகுஸ்தீனார் கோயிலும் துறவிமடமும் தப்பவில்லை. மடத்து நூலகத்தின் ஏடுகள் சூறையாடப்பட்டன. அவற்றுட் சில பின்னர் கடல் கடந்த நூலகங்களைச் சென்றடைந்தன.

1764இல் ஆங்கிலேயர் மணிலாவைத் திருப்பி ஒப்படைத்துச் சென்றபோது சிப்பாய்களுள் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள காயிந்தா ஊரில் குடியேறி, உள்நாட்டுப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டனர். அவர்தம் வழிவந்தோர் அவ்வூரில் இன்றும் உள்ளனர் என்பது பிலிப்பைன்ஸில் பரவலாக அறியப்பட்ட செய்தி. சோழமண்டலக் கரையில் திரட்டப்பட்ட படையாதலின், அவருள் தமிழரும் தெலுங்கரும் இருந்திருப்பர் எனக் கொள்வது பொருத்தமே. மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளராகத் தமிழர் வருவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர் நிகழ்ந்த குடியேற்றம் இது. தென்கிழக்காசிய இந்தியர் வரலாற்றை எழுதுவோர் இதற்குத் தரும் இடம் மிகக் குறைவு.

1898உம் 1945உம்

1863ஆம் ஆண்டு ஜூன் 3இல் நேர்ந்த நிலநடுக்கம் மணிலாவின் தலைமைப் பேராலயத்தை வீழ்த்தியது. அகுஸ்தீனார் கோயில் நின்றது. 1898 ஆகஸ்டு 13இல் அமெரிக்கரும் இசுபானியரும் தமக்குள் முன்னரே பேசி முடித்த ஒரு போலிப் போரை நடத்தினர். நகரை முற்றுகையிட்டிருந்த பிலிப்பினோப் புரட்சிப் படை மதிலுக்குள் நுழையாமல் தடுக்கப்பட்டது. ஆளுநர் ஃபெர்மின் ஹாவுதெனஸ் மணிலாவை அமெரிக்கரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையின் விதிகளை வரைந்தது இக்கோயிலின் திருவுடை அறையில்தான். தம் நாட்டின் தலைநகர் கைமாறியதைப் பிலிப்பினோக்கள் மதிலுக்கு வெளியே நின்று அறிந்தனர். 1899 பிப்ரவரியில் அவர்களுக்கும் அமெரிக்கருக்கும் போர் மூண்டது.

1945 பிப்ரவரியில் மணிலாவை மீட்க அமெரிக்கர் போரிட்டபோது, சப்பானியப் படையினர் இந்திராமுரோஸ் மக்களையும் துறவியரையும் இக்கோயிலுக்குள் அடைத்து வைத்தனர். அடைபட்டோருள் பலர் கொல்லப்பட்டனர். வெளியே அமெரிக்கப் பீரங்கிகள் மதில் நகரைக் குண்டுகளால் துளைத்தன. துறவிமடம் அழிந்தது. ஏனைய ஆறு தேவாலயங்களும் அழிந்தன. அகுஸ்தீனார் கோயிலின் மேற்கூரை பழுதுற்றது. கல் வளைகூரை நின்றது. அழிந்த ஆறனுள் தலைமைப் பேராலயம் 1958இல் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. தொமினிக்கச் சபையார் கேசோன் நகருக்குப் பெயர்ந்து புதுக்கோயில் கட்டினர். சான் இக்னாசியோ ஆலயத்தின் புறத்தோற்றம் மீட்டமைக்கப்பட்டு இப்பொழுது அருங்காட்சியகமாக உள்ளது. மலாக்காவில் புனித பவுல் குன்றின்மேல் கூரையிழந்து நிற்கும் ஆலயத்தைக் கண்டவர்கள், மணிலாவின் ஒரே எச்சம் கூரையோடு நிற்பதன் அருமையை உணர்வர்.

1945ஆம் ஆண்டின் அப்போரில் மாண்ட மணிலாப் பொதுமக்கள் ஏறத்தாழ 1,00,000 பேர் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களுக்கான நினைவுச் சின்னம் 1995ஆம் ஆண்டு, அதே இந்திராமுரோஸில், கோயிலுக்கு அண்மையிலுள்ள சிறு சதுக்கத்தில் நிறுவப்பட்டது. இறந்த குழந்தையை ஏந்திய ஒரு பெண்ணின் உருவம் அதன் நடுவே உள்ளது. கோயிலையும் மடத்து அருங்காட்சியகத்தையும் காணச் செல்வோர் அங்கிருந்து சில நிமிட நடையில் அச்சதுக்கத்தை அடையலாம்.