முதலில் தண்ணீர், பிறகு ஓ.பி. சீட்டு

விருதுநகர்–சிவகாசி சாலையில் உள்ள ஆமத்தூரைச் சுற்றிப் பட்டாசு ஆபீஸ்களும் தீப்பெட்டி ஆபீஸ்களும் நிறைய. வெடி விபத்து நடந்தால் செய்தியாகிவிடும். ஒருவர் கண்ணில் மருந்து தெறித்தால் அது வெளியே தெரியாது. ஆனால் பார்வை பறிபோக அதுவே போதும்.

கலவை அறையில் தண்ணீருக்குப் பயப்படச் சொல்லித்தான் பழக்கியிருக்கிறார்கள். அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பற்றும் என்பதால் அந்தப் பயம் நியாயமானதே. அதே பயத்தைக் கண்ணுக்கும் காட்டிவிடக் கூடாது. அறைக்கு வெளியே வந்து, முகத்திலுள்ள தூளை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, குழாயடியில் நின்று கழுவ வேண்டும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம்.

சுண்ணாம்பு ஏன் பொல்லாதது

கண்ணில் தெறிப்பது பட்டாசு மருந்து மட்டுமல்ல, சுண்ணாம்பும்தான். அமிலம் பட்டால் கண்ணின் மேல்புறப் புரதம் உறைந்து, ஓரளவு தானே தடுப்பாகிவிடும். காரம் அப்படி நிற்காது. திசுவின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு, வெற்றிலைச் சுண்ணாம்பு இரண்டும் காரம்தான். இந்தியாவில் குழந்தைகளின் கண்ணை இரசாயனம் புண்ணாக்குவதற்கு முக்கியக் காரணமே வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடுவதுதான். மக்னீசியம் சேர்ந்த வாணவேடிக்கைப் பொருள்களிலும் தீக்காயத்தோடு காரக்காயமும் சேர்ந்து வரலாம்.

நர்ஸ் கைக்குப் பழக வேண்டியது

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அதுவரை கண் தாங்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு டூட்டியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்தான் அந்தக் கண்ணுக்கு டாக்டர். பெயர், வயது, பார்வைப் பரிசோதனை எல்லாம் பிறகு.

தேவையானவை எல்லா வார்டிலும் இருப்பவைதான்: சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் பாட்டில், ஐ.வி. செட், மரப்புச் சொட்டு, பஞ்சுக் குச்சி. சொட்டு இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சலைன் தீர்ந்தால் குழாய்த் தண்ணீர் போதும். ஊசியில்லாத டியூப் முனையிலிருந்து மூக்கோரம் தொடங்கி வெளிப்புறமாக நீர் ஓட வேண்டும். மற்ற கண்ணுக்குள் வழியக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம், 1 முதல் 2 லிட்டர்.

பலரும் தவறவிடுவது மேல் இமை. அதைப் புரட்டி, அதன் உள்மடிப்பை நனைத்த பஞ்சால் துடைக்காவிட்டால், அங்கே ஒட்டிய சுண்ணாம்புத் துணுக்கு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் கரைந்துகொண்டே இருக்கும். இது பவர்பாயின்ட் பார்த்துக் கற்கிற வேலையில்லை. பயிற்சியில் ஒருவர் இமையை இன்னொருவர் புரட்டிப் பழக வேண்டும்.

கழுவி முடித்து 5 முதல் 10 நிமிடம் பொறுத்து, கீழ் இமையோரம் பி.எச். தாளை வைத்துப் பார்க்கலாம். 7 முதல் 7.4-க்குள் வராவிட்டால் மறுபடி பாட்டிலைத் தொங்கவிட வேண்டியதுதான். தனித் தாள் இல்லாத இடத்தில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையிலுள்ள பி.எச். கட்டம் கைகொடுக்கும்.

வெளுத்த கண், கிழிந்த கண்

கண் சிவக்கவில்லை, வெள்ளையாக இருக்கிறது என்று நிம்மதி அடையக் கூடாது. கருவிழியைச் சுற்றி வெளுத்திருந்தால் அங்கே ரத்தக் குழாய்களே கருகியிருக்கலாம். சிவந்த கண்ணைவிட இது மோசம்.

வெடித்துச் சிதறிய துண்டு கண்ணைக் கிழித்திருந்தால் கதை வேறு. இமையை அழுத்தவோ, குத்தி நிற்பதைப் பிடுங்கவோ கூடாது. கண்ணில் படாமல் பேப்பர் கப்பால் மூடி 108-இல் அனுப்ப வேண்டும். இரசாயனக் காயமானால், கண்ணில் பட்ட பொருள், பட்ட நேரம், ஊற்றிய லிட்டர், கடைசி பி.எச். நான்கும் பரிந்துரைச் சீட்டில் இருந்தால், மதுரையில் பார்க்கும் டாக்டர் அங்கிருந்தே தொடரலாம்.