நிறைந்த குளத்தின் மீது பெய்யும் மழை

தண்ணீரூற்று என்ற பெயரிலேயே நீர் இருக்கின்றது. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில், முள்ளியவளையை அடுத்து அமைந்துள்ள இவ்வூரிலும் அயற் கிராமங்களிலும், கார்த்திகை, மார்கழி மாதங்களில் கிணற்று நீர் நிலமட்டத்தை நெருங்கி வருவதை மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். கிழக்கே நந்திக்கடல், மறுபுறம் காடுகளுக்கிடையே சிறிதும் பெரிதுமாகப் பல குளங்கள். இத்தகைய நிலத்தில் வாழும் மக்களிடம், எங்கோ தொலைவிலுள்ள மலைகளில் வெண்பனி மீது பெய்யும் மழையைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் பனித்துளியைத் தவிர வேறு பனியை வன்னி மண் கண்டதில்லை. ஆயினும் வெள்ளம் எவ்வாறு உருவாகின்றது என்பதை அந்த மலைகள் தெளிவாக எடுத்துரைக்கின்றன. அந்தப் பாடம் எமக்கும் உரியது என்பதாலேயே இதனை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

குளிர்நாடுகளில் மாரி முழுவதும் பெய்யும் மழை வெண்பனியாக மலைகளில் தங்கிவிடுகின்றது. அது ஆற்றுக்கு வராத நீர். அதாவது, திண்ம வடிவில் சேமித்து வைக்கப்பட்ட நீர். இளவேனிலில் வெயில் ஏற ஏற அது மெல்ல உருகி, வாரக்கணக்கில் ஆறுகளை ஊட்டுகின்றது. இது இயற்கையின் நீர்ப்பாசன ஒழுங்கு. ஆனால் அதே இளவேனிலில் சூடான காற்றுடன் கனமழையும் சேர்ந்து வந்தால், வாரக்கணக்கில் வர வேண்டிய நீரின் ஒரு பெரும் பகுதி ஓரிரு நாட்களில் மழைநீருடன் கலந்து ஆற்றில் இறங்குகின்றது. கனடாவில் வாழும் எம்மவர்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கேட்கும் வெள்ள எச்சரிக்கைகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இங்கு ஒரு பொதுவான தப்பெண்ணத்தைக் களைவது அவசியம். மழை விழுந்தவுடன் பனி கரைந்து வெள்ளமாகி விடுகின்றது எனப் பலரும் கருதுகின்றனர். உண்மை சற்று வேறானது. 10 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள மழை 100 மில்லிமீற்றர் பெய்தாலும், அந்த மழைநீரின் வெப்பம் உருக்கக்கூடிய பனி ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீருக்கே சமமானது. பெருமளவு உருகலை ஏற்படுத்துவது மழையுடன் வரும் ஈரமான சூடான காற்றாகும். அக்காற்றிலுள்ள நீராவி பனியின் மேற்பரப்பில் ஒடுங்கும்போது வெளியேறும் வெப்பத்தால், ஒரு கிராம் நீராவிக்கு ஏழு கிராமுக்கும் அதிகமான பனி உருகுகின்றது.

இதனினும் முக்கியமானது, மழை விழும் வேளையில் பனிப்படை எந்த நிலையில் இருக்கின்றது என்பதாகும். மாரி நடுவில் குளிர்ந்து உலர்ந்திருக்கும் பனி, பஞ்சைப் போல மழைநீரை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். இளவேனிலில் ஈரமூறி உருகுநிலையில் நிற்கும் பனியோ எதனையும் ஏற்காது. மேலே விழும் நீரையும் தன் நீரையும் சேர்த்துக் கீழே அனுப்பிவிடும். ஒரே அளவு மழை முதல் வேளையில் எவருக்கும் தெரியாமல் மறைகின்றது. இரண்டாவது வேளையில் ஊரை அழிக்கின்றது.

2013 ஜூன் 16, 17 ஆம் திகதிகளில் இந்தியாவின் கேதார்நாத்தில் நிகழ்ந்த பேரழிவை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வழமைக்கு முந்தி வந்த பருவமழை மலைப்பனி மீது பெய்தது. மழைநீரும் உருகுநீரும் நிறைந்த சோராபாரி ஏரியின் கரை உடைப்பெடுத்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2017 பெப்ரவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மலைப்பனி மீது பெய்த சூடான மழையினால் ஒரோவில் நீர்த்தேக்கம் விரைந்து நிரம்பியது. அதன் பிரதான வான் சிதைந்தது. அவசரகால வான் வழியாக வரலாற்றில் முதன்முறையாக நீர் பாய்ந்தது. அதுவும் அரிக்கப்படத் தொடங்கியதும், கீழ்ப்புறத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1,88,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். பொறியியல் வளம் மிக்க ஒரு நாட்டிலேயே நிலைமை இவ்வாறு ஆனது கவனத்திற்குரியது.

இனி வன்னிக்கு வருவோம். எமக்கு மலை இல்லை, பனி இல்லை. ஆனால் சேமித்து வைக்கப்பட்ட நீர் உண்டு. எமது பனிப்படை எமது குளங்களே. இரணைமடு, முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம் ஆகிய பெருங்குளங்களும், அவற்றுக்கு மேலும் கீழுமாகச் சங்கிலித் தொடராய் அமைந்த சிறுகுளங்களும், நீரூறிய நிலமும் சேர்ந்ததே அந்தப் படை. வரண்ட வலயமாகிய இங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுடன் சில மாதங்களுக்குள் வந்துவிடுகின்றது. ஒக்டோபரில் பெய்யும் முதல் மழையைக் காய்ந்த நிலமும் வற்றிய குளமும் குடித்துவிடுகின்றன. அதே அளவு மழை டிசெம்பரில், குளம் நிரம்பி நிலமும் ஊறி நிற்கும் வேளையில் தாழமுக்கத்துடன் வந்தால், அதற்குத் தங்க இடமில்லை.

இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 இலட்சம் கனமீற்றர் நீராகும். ஒரு குளத்தின் நீரேந்து பரப்பு 500 சதுர கிலோமீற்றர் எனக் கொண்டால், 5 கோடி கனமீற்றர். புனரமைப்பின் பின்னர் இரணைமடுக் குளத்தின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 14.8 கோடி கனமீற்றர். எனவே மூன்றிலொரு பங்கு இடம் வெறுமையாக இருப்பின், அத்தகைய மழை முழுவதையும் குளம் தாங்கிக்கொள்ளும். குளம் நிரம்பியிருப்பின், வந்த நீரெல்லாம் வான்கதவுகளைக் கடந்து கீழ்நோக்கியே செல்ல வேண்டும். மழையின் அளவு ஒன்றே, விளைவு இரண்டு.

2018 டிசெம்பரில் இதனை நாம் நேரிற் கண்டோம். இரணைமடுக் குளத்தின் நீர்த்தேக்க மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டு, அவ்வாண்டு டிசெம்பர் 7 ஆம் திகதி அன்றைய ஜனாதிபதியினால் திறந்துவைக்கப்பட்டது. குளம் நிறைந்திருந்த காட்சி அனைவரையும் மகிழ்வித்தது. இரு வாரங்கள் கழித்து, 21 ஆம் திகதி இரவு தொடங்கிய பெருமழை கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை நீரில் ஆழ்த்தியது. வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கனகராயன் ஆற்றின் கீழ்ப்புறத்திலுள்ள முரசுமோட்டை, கண்டாவளைப் பகுதிகள் வெள்ளக்காடாயின. பல்லாயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்கினர். கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது.

எவரையும் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. இக்கேள்விக்குள் மறைந்திருக்கும் உண்மையான இக்கட்டையே சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கும் அதிகமான வயல்கள் உள்ளன. மழை முடிந்த பின் குளத்தில் நிற்கும் நீரைக் கொண்டே சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எனத் தீர்மானிக்கப்படுகின்றது. டிசெம்பரில் ஓர் அடி நீரைத் திறந்துவிட்டு, எதிர்பார்த்த மழை வராமற் போனால், அந்த இழப்பு கமக்காரனின் வயிற்றில் அடிப்பதாகும். திறக்காமல் வைத்திருந்து மழை வந்துவிட்டால், இழப்பு கீழ்ப்புறத்தில் வாழ்பவனின் வீட்டிலும் வயலிலும் நேர்கின்றது. பெரும்பாலும் இருவரும் ஏழைகளே. சில வேளைகளில் இருவரும் ஒருவரே. இந்தச் சுமையை நள்ளிரவில், கொட்டும் மழையில், குளக்கட்டில் நிற்கும் ஓர் அதிகாரியின் தோளில் ஏற்றிவிட்டு நாம் உறங்கிவிடக்கூடாது.

தயக்கத்தின் விலை என்ன என்பதைச் சென்னை காட்டியது. 2015 டிசெம்பர் 1 ஆம் திகதி, நிரம்பிய நிலையிலிருந்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து கனமழைக்கு மத்தியிலேயே பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை மூழ்கியது. அந்த வெள்ளம் மனிதச் செயலால் விளைந்த அனர்த்தம் என இந்தியக் கணக்காய்வுத் துறையின் அறிக்கை பின்னர் குறிப்பிட்டது. முன்கூட்டிச் சிறிது சிறிதாகத் திறக்கப்படும் நீர் ஆற்றின் வழியே செல்லும். இறுதி வேளையில் ஒருசேரத் திறக்கப்படும் நீர் ஊரின் வழியே செல்லும்.

குளத்துடன் கதை முடிவதில்லை. முத்தையன்கட்டில் மறிக்கப்படும் பேராறு நந்திக்கடலை அடைகின்றது. கனகராயன் ஆறு சுண்டிக்குளக் களப்பை நாடுகின்றது. களப்புகளின் முகத்துவாரங்களை மணற்றிட்டு அடைத்திருக்குமாயின், கடலுக்குச் செல்ல வழியின்றி நீர் பின்னோக்கி ஏறும். 2025 நவம்பர் 28 ஆம் திகதி இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. முல்லைத்தீவில் வட்டுவாகல் பாலமும் நாயாற்றுப் பாலமும் சேதமடைந்து போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. சாலைப் பகுதியில் முகத்துவாரத்தை அகலப்படுத்தும் பணியில் ஈடுபட்டிருந்த கடற்படையினர் ஐவர் நீரில் அள்ளுண்டனர். மழைக்கு முன் செய்ய வேண்டிய பணியை மழைக்குள் செய்ய நேரும்போது மனித உயிரே விலையாகின்றது.

பனிநாடுகள் இவ்விடயத்தில் என்ன செய்கின்றன? கலிபோர்னியாவில் மாரிகாலம் முழுவதும் அளவையாளர்கள் மலையேறி, குழாயொன்றைப் பனியில் செலுத்தி, அதனை நிறுத்து, பனிக்குள் எவ்வளவு நீர் இருக்கின்றது எனக் கணக்கிட்டு வெளியிடுகின்றனர். பனி எத்தனை அடி என்பது அவர்களுக்குப் போதுமானதன்று. அது ஆற்றுக்கு எவ்வளவு நீராக வரும் என்பதே வேண்டும். எமது நிலைமை அதனினும் எளிது. குளத்தின் நீர்மட்டத்தை அளவுகோலிலேயே காணலாம். மலையேற வேண்டியதில்லை. ஆயினும், பருவமழைக் காலத்தில் மக்கள் அதிகம் கேட்பது எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்யும் என்ற முன்னறிவிப்பையே. குளத்தில் இன்னும் எவ்வளவு இடமிருக்கின்றது, அது எவ்வளவு மழையைத் தாங்கும் என்ற கணக்கும் அதனுடன் சேர்ந்தாலன்றி அந்த முன்னறிவிப்பு முழுமை பெறாது.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. நவம்பர், டிசெம்பர் மாதங்களில் ஒவ்வொரு பெருங்குளத்திலும் எந்த மட்டத்துக்கு மேல் நீரைத் தேக்குவதில்லை என்பதை நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் மழைக்கு முன்னரே கூடி, எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அவ்வாறு திறந்துவிடப்பட்ட நீரினால் சிறுபோகம் குறைவுபடின், அந்த இழப்பை அரசு ஈடுசெய்யும் என்ற உறுதி கமக்காரருக்கு வழங்கப்பட வேண்டும்; இவ்வுறுதியின்றி அவர்களிடம் இணக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. கதவு திறக்கப்படும் செய்தி, எந்தக் கிராமத்துக்கு எத்தனை மணி நேரத்தில் நீர் வரும் என்ற விபரத்துடன், கிராம அலுவலர் வழியாகவும் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் வழியாகவும் வீடுவீடாக எட்ட வேண்டும். சிறுகுளங்களின் கட்டுகளும் களப்பு முகத்துவாரங்களும் புரட்டாதி முடிவதற்குள் பார்வையிடப்பட வேண்டும். மேலுள்ள ஒரு சிறுகுளம் உடைந்தால் அதன் நீர் அடுத்த குளத்தின் கட்டையே சோதிக்கும்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பர் எம் முன்னோர். வன்னியில் அவர்களே அணைகளைக் கோலிச் சென்றுவிட்டனர். வெள்ளம் வருமுன் அந்த அணைக்குள் சிறிது இடம் வைப்பதே எமது தலைமுறைக்கு எஞ்சியுள்ள பணி. நிறைந்த குளம் எமது பெருமை என்பதில் ஐயமில்லை. ஆனால் மார்கழி மழைக்கு இடம் விட்டு நிற்கும் குளமே எமது பாதுகாப்பு என்பதைக் கமக்காரரும் அதிகாரிகளும் கரையோர மக்களும் ஒருசேர உணர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.