முந்தும் கைகள்

உயர்நிலை நான்கில் படித்தபோது, பள்ளிக் கலைவிழாவில் தோழியின் பரதநாட்டியத்துக்கு மிருதங்கம் வாசித்தேன். தீர்மானம் வந்ததும் என் கைகள் வேகமெடுத்தன. அவரது கால்கள் வந்து சேருமுன்பே நான் முடித்துவிட்டேன். மேடையில் அவர் தடுமாறி நின்றார். பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அடுத்த வகுப்பில் ஆசிரியர் மிருதங்கத்தை ஓரமாக வைக்கச் சொன்னார். "கையில் தாளம் போடு, வாயால் சொல். அது போதும்," என்றார். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதிதாளம். சிறு பிள்ளைகளின் பாடம் எனக்கு எதற்கு என்று கோபம் வந்தது.

கைப்பேசியில் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40 தட்டுகளாகக் குறைத்தபோது கோபம் அடங்கியது. இரண்டு தட்டுகளுக்கு இடையே ஒன்றரை விநாடிதான். அதைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கை முந்தியது.

இதில் நான் தனியாள் இல்லை என்பது பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தபோது தெரிந்தது. மெட்ரோனோமுக்கு ஏற்ப விரலால் தட்டச் சொன்னால், பலரும் ஒலிக்குச் சில பத்து மில்லிவிநாடிகள் முன்பே தட்டிவிடுகிறார்கள். ஒலியைக் கேட்ட பிறகு மூளை கையை அசைப்பதில்லை. அடுத்த ஒலி எப்போது வரும் என்று முன்கூட்டியே கணிக்கிறது. அசையாமல் அமர்ந்து தாளத்தைக் கேட்டாலும், உடல் அசைவுக்குரிய மூளைப் பகுதிகள் இயங்குகின்றன. பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் சீரான ஒலியைக் கேட்டபடி நடக்கப் பயிற்சி தருவதும் இந்தத் தொடர்பை நம்பித்தான்.

ஆசிரியர் சொன்ன வழி எளிது: "சும்மா காத்திருக்காதே, இடைவெளியை நிரப்பு." ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மனத்தில் 'தகதிமி' சொன்னேன். கை நிதானித்தது. பிறகு அதே தட்டுக்குள் மூன்றாகத் 'தகிட', ஐந்தாகத் 'தகதகிட'. கை மாறாது, வாய் மட்டும் மாறும். வந்த குறுஞ்செய்தியை நினைத்தாலே போதும், இரண்டும் குலைந்துவிடும்.

இதனால் என் மதிப்பெண்கள் உயர்ந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால், கவனம் நழுவும் கணம் எனக்கு இப்போது தெரிகிறது. தெரிந்தால் திரும்பி வரலாம்.

நீங்களும் 40இல் வைத்து ஒரு நிமிடம் தட்டிப் பாருங்கள். நான் அந்தத் தோழியிடம், மீண்டும் ஒருமுறை வாசிக்கட்டுமா என்று கேட்கப் போகிறேன்.